ஹேசாப்பா, ‘இப்படி ஆனால்?’ கேள்விகளா, லோபாவா? ஒரே ரியாக்டரை வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்

“ஹேசாப் செய்தே ஆகணுமா சார், வாட்-இஃப் போதாதா?” வருடம் முழுக்க என்னிடம் வரும் கேள்வி இது. வேதி ஆலையில் என்ன தவறலாம் என்று முன்கூட்டியே ஆராயும் முறைகள் இவை: ஹேசாப் ஆலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எதையும் விடாமல் கேட்பது, வாட்-இஃப் ‘இப்படி ஆனால்?’ என்று கேட்டுப் பார்ப்பது. தலைப்பில் உள்ள லோபா, இருக்கும் பாதுகாப்பு போதுமா என்று கணக்கிடுவது. கேட்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து ரியாக்டர்களை (வேதிவினை நடக்கும் கலன்களை) வைத்துக்கொண்டு மருந்து இன்டர்மீடியட்டோ சாயப்பொருளோ தயாரிக்கும் சிறிய, நடுத்தர ஆலைக்காரர்கள். கடலூர், ராணிப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் இப்படிப்பட்ட ஆலைகள் நிறைய. வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர் ஒரு பெயரைச் சொல்கிறார், கன்சல்டன்ட் இன்னொரு பெயரைச் சொல்கிறார், இரண்டுக்கும் விலை வேறு. எதற்குக் காசு போடுவது என்று புரியாமல் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு முறையையும் பொதுவாக விவரித்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கலாம். காட்சி என் கற்பனைதான், ஆனால் பேட்ச் ஆலையில், அதாவது தடவை தடவையாகக் கலந்து தயாரிக்கும் ஆலையில், வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

3,000 லிட்டர் கிளாஸ் லைன்ட் (உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள) ரியாக்டர். உள்ளே டொலுவின் என்ற கரைப்பானில் கரைத்த ஒரு பொருள், 40 டிகிரியில். மேலே உள்ள டோசிங் டேங்கிலிருந்து இரண்டாவது பொருளை இரண்டு மணி நேரத்துக்கு மெதுவாக விட வேண்டும். வினை வெப்பம் உமிழும் வினை. ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஓடும் தண்ணீர் அந்த வெப்பத்தை எடுத்துவிடும். நடுவில் மின்சாரம் போகிறது. அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் உள்ளே இருப்பதைக் கலக்கும் அஜிடேட்டரின் ஸ்டார்ட்டர் விழுந்தது விழுந்ததுதான், யாராவது போய்ப் போட்டால்தான் ஓடும். ஆபரேட்டர் சென்ட்ரிஃப்யூஜ் பக்கம் இருக்கிறார். டோசிங் டேங்கிலிருந்து பொருள் தன் எடையாலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது, கலக்காமல் தேங்குகிறது. ஒரு மணி நேரம் கழித்து அவர் பார்த்துவிட்டு அஜிடேட்டரைப் போடுகிறார்.

தேங்கியது எல்லாம் ஒரே மூச்சில் வினைபுரியும் கணம் அதுதான்.

## முதலில் அளவுகோல்கள்

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

உங்கள் வினையின் வெப்பத்தைப் பற்றி அளந்து தெரிந்தது என்ன? மோசமானது நடந்தால் அது ரியாக்டரோடு முடியுமா, ஷெட்டோடு முடியுமா, வேலியைத் தாண்டிப் போகுமா? ஆபத்து கருவியில் இருக்கிறதா, அல்லது ஆபரேட்டர் செய்யும் வேலைகளின் வரிசையில் இருக்கிறதா? கையில் இருக்கும் பி அண்ட் ஐ.டி. (குழாய்களையும் கருவிகளையும் காட்டும்) வரைபடமும் தரையில் ஓடும் குழாயும் ஒன்றுதானா?

ஐந்தாவதில்தான் பலரும் குழம்புகிறார்கள். நீங்கள் கேட்பது “என்னவெல்லாம் தவறலாம்?” என்பதா, “தெரிந்த ஆபத்துக்கு இப்போதுள்ள பாதுகாப்பு போதுமா?” என்பதா? இரண்டும் வேறு கேள்விகள், கருவிகளும் வேறு. முதல் கேள்விக்கு லோபா பதில் சொல்லாது. இரண்டாவதை ஹேசாப் மேலோட்டமாகத்தான் தொடும்.

## எந்த முறைக்கும் முன்னால்: வெப்பத்தை அளந்தீர்களா?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எந்தக் கூட்டமும் அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்ததைத்தான் வெளியே கொண்டுவரும். தெரியாத வினையை எந்த முறையின் கேள்வியாலும் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய ஆலை இருந்தது. 2007 டிசம்பர் 19 அன்று அங்கே ரியாக்டர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அது அவர்களுடைய 175-ஆவது பேட்ச். 42-ஆவது பேட்ச்சில் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். குளிர்விக்கும் தண்ணீருக்கு மாற்று ஏற்பாடு இல்லை. வெப்பநிலை ஒரு எல்லையைத் தாண்டினால் இரண்டாவதாக ஒரு வினை கிளம்பும் என்பது உரிமையாளர்களுக்குத் தெரியவே தெரியாது. வடிவமைப்பின்போதே ஒரு ஆலோசகர் ஹேசாப் வேண்டும் என்று சொல்லியிருந்தார்; அது நடந்ததற்கான ஆதாரம் எதுவும் விசாரணையில் கிடைக்கவில்லை. ஆனால் ஹேசாப் நடந்திருந்தாலும், அந்த இரண்டாவது வினையை யாரும் ஆய்வகத்தில் அளக்காத வரை, கூட்டத்தில் யார் அதைச் சொல்லியிருப்பார்கள்? நூற்றுக்கும் மேற்பட்ட பேட்ச் நல்லபடியாக முடிந்ததைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் எல்லோரும் இந்த விபத்தைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அளப்பது எப்படி? டி.எஸ்.சி. சோதனைக்குச் சில மில்லிகிராம் பொருள் போதும். எந்த வெப்பநிலையில் சிதையத் தொடங்குகிறது, எவ்வளவு வெப்பம் விடுகிறது என்று சொல்லும். ரியாக்ஷன் கலோரிமீட்டர் உங்கள் செய்முறையையே சிறிய அளவில் நடத்திக் காட்டும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

கிடைக்கும் எண்ணை வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள். நம் காட்சியில் கலவையின் ஒரு கிலோவுக்கு 300 கிலோஜூல் வெப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 2 கிலோஜூல் வேண்டும். குளிர்விப்பு எதுவும் இல்லாவிட்டால் மொத்த ஏற்றம் 150 டிகிரி. பாதிப் பொருள் தேங்கியிருந்தால் 75 டிகிரி. 40-ல் தொடங்கினால் 115. டொலுவின் கொதிப்பது 111-ல். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தேங்கியிருந்தால் 90-ல் நின்றுவிடும். இரண்டு மணி நேர டோசிங்கில் அந்த மூன்றில் ஒரு பங்கு இறங்க 40 நிமிடம் ஆகும். அதாவது அஜிடேட்டர் நின்றபின் ஆபரேட்டருக்கு இருக்கும் நேரம் சுமார் 40 நிமிடம். ஒரு மணி நேரம் கிடையாது. இது தோராயக் கணக்குதான், ஆனால் இந்த ஒரு எண் இல்லாமல் நடக்கும் கூட்டத்தில் “ஆபரேட்டர் கவனிப்பார்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

வெப்பம் உமிழும் வினை இருந்து, பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், அதை இதற்கே செலவிடுங்கள்.

## செக்லிஸ்டும் ‘இப்படி ஆனால்?’ கேள்விகளும்

செக்லிஸ்ட் பழைய விபத்துகளின் நினைவு. எர்த்திங் உண்டா, அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் லைன் எங்கே திறக்கிறது, ஒன்றோடொன்று சேரக்கூடாத டிரம்களைப் பக்கத்தில் வைத்திருக்கிறோமா என்று வரிசையாகக் கேட்கும். கேட்காததை அது பார்க்காது. அந்தக் குறையை வாட்-இஃப் ஓரளவு சரிசெய்யும்: குழு ஒன்றாக உட்கார்ந்து “மின்சாரம் போனால்?”, “டிரம் மாறிப் போனால்?”, “தண்ணீர் உள்ளே புகுந்தால்?” என்று மனதில் வருவதையெல்லாம் கேட்டுப் பதில் எழுதுவது.

நம் காட்சியில் “மின்சாரம் போனால்?” என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில்தான். “போனது திரும்பி வந்தால்?” என்று யாராவது கேட்க வேண்டும். அதைக் கேட்கக்கூடியவர் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர். அவரை மேஜையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் இந்த முறை அபாரமாக வேலை செய்யும். மேலாளர்கள் மட்டும் உட்கார்ந்தால் மேலாளர்களுக்குத் தெரிந்த ஆபத்துகள் மட்டும் பட்டியலில் வரும்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் நடந்தது இது. டோசிங் வேகத்தை ரோட்டாமீட்டர் என்ற ஓட்டமானியைப் பார்த்து வால்வால் கட்டுப்படுத்துகிறோம், கூடிப்போக வாய்ப்பில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், அந்த பைபாஸ் வால்வு எப்பவும் கொஞ்சம் திறந்தேதான் சார் இருக்கும். இல்லைன்னா ஷிஃப்டுக்குள்ள பேட்ச் முடியாது.” அறை அமைதியாகிவிட்டது. ரோட்டாமீட்டரைச் சுற்றிப் பொருளை விடும் அந்த வால்வு வரைபடத்தில் ‘மூடியது’ என்றுதான் இருந்தது. அவர் மேல் யாரும் கோபப்படக்கூடாது என்று அன்றைக்கு ஆலை மேலாளர் வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதே ஆபரேட்டர் இன்னும் நாலு விஷயம் சொன்னார்.

ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும், பெரிய செலவில்லை. மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: எதை விட்டோம் என்பதே தெரியாது. முழுமைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, எல்லாம் குழுவின் அனுபவத்தைப் பொறுத்தது.

எளிய சேமிப்பு, கலப்பு, பேக்கிங், கரைப்பான் மீட்பு போன்ற வேலைகளுக்கு இது போதும். நடக்கிற ஆலையில் செய்யும் சின்ன மாற்றத்துக்கும் இதுவே சரி.

## ஹேசாப்

1960-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான முறை. இப்போது ஐ.இ.சி. 61882 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. இந்தியாவில் ஆபத்துகளைக் கண்டறிந்து ஆராய்வதற்கு ஐ.எஸ். 15656:2006 இருக்கிறது. ஆலையைச் சிறு சிறு பகுதிகளாக, ‘நோடு’களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நோடிலும் ஓட்டம், வெப்பநிலை, அழுத்தம், மட்டம் ஆகியவற்றோடு வழிகாட்டிச் சொற்களைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: இல்லை, அதிகம், குறைவு, எதிர்த்திசை, கூடவே வேறொன்று, ஒரு பகுதி மட்டும், முற்றிலும் வேறு.

சலிப்பு தரும் வேலைதான். ஆனால் அந்தச் சலிப்பில்தான் அதன் பலம். “எதிர்த்திசை ஓட்டம்” என்று கேட்கவே தோன்றாத குழாயிலும் கேட்டே ஆக வேண்டும், விட்டுத் தாண்ட முடியாது.

நம் காட்சிக்கு வந்தால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமான ஹேசாப் தொடர் ஓட்ட ஆலைகளை மனதில் வைத்து எழுந்தது. பேட்ச் ஆலையில் அதே அட்டவணையை நிரப்பினால், டோசிங் குழாயில் “ஓட்டம் அதிகம்” என்று எழுதுவார்கள், அஜிடேட்டரை நோடாகவே எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பேட்ச்சுக்குக் குழாயோடு சேர்த்துச் செய்முறையின் ஒவ்வொரு படியையும் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும்: படியை விட்டுவிட்டால்? முன்னதாகச் செய்தால்? தாமதமாகச் செய்தால்? வரிசை மாறினால்? பாதியில் நின்று மறுபடி தொடங்கினால்? கடைசிக் கேள்விதான் நம் ரியாக்டரைக் காப்பாற்றும் கேள்வி. ஆகவே கன்சல்டன்டிடம் விலை கேட்கும் முன் “பேட்ச் செய்முறையைப் படிபடியாக எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். பதில் குழறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

செலவுகளில் கன்சல்டன்ட் கட்டணம் சின்னது என்றே சொல்வேன். உற்பத்தி, பராமரிப்பு, இன்ஸ்ட்ருமென்ட், பாதுகாப்பு ஆகிய நான்கு பிரிவுகளின் ஆட்களும் ஆபரேட்டரும் நாள்கணக்கில் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் போனால் மூளை ஓடாது. அதற்கு மேல் எழுதுவதெல்லாம் முந்தைய வரியின் நகல். அதற்கு முன்பே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் குழாயாக நடந்து திருத்த வேண்டும். தவறான வரைபடத்தில் செய்த ஹேசாப் இல்லாத ஆலைக்குச் செய்தது.

இன்னொரு செலவைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முடிவில் முப்பது நாற்பது பரிந்துரைகள் வரும். அவற்றை முடிப்பதற்குத்தான் உண்மையான பணம் வேண்டும். எழுதிவைத்துவிட்டு முடிக்காத பரிந்துரை, விபத்துக்குப் பின் “உங்களுக்கு முன்பே தெரியும்” என்பதற்கான ஆவணமாகிவிடும். பரிந்துரைகளுக்கு ஒதுக்கப் பணமில்லாமல் ஹேசாப் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

புதிய ஆலை, புதிய வினை, நச்சு வாயு, தானே சூடேறிக் கட்டுமீறித் தறிகெடக்கூடிய வினை, அழுத்தத்தில் இயங்கும் கருவி: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஹேசாப்புக்கு மாற்று கிடையாது. பக்கத்து ஆலை ஒன்றின் பழைய அறிக்கையை எடுத்துப் பெயர் மாற்றித் தருகிறார்கள் என்றால், வாங்காமலிருப்பதே நல்லது. அந்தக் கோப்பு அலமாரியில் இருக்கும் தைரியத்தில் யாரும் மறுபடி கேள்வி கேட்கமாட்டார்கள்.

## எஃப்.எம்.ஈ.ஏ.

வாகன உதிரிபாகத் தொழிலிலிருந்து வந்த மேலாளர்களுக்கு இது நன்றாகப் பழக்கம், அதனால் இதையே இங்கும் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் எப்படியெல்லாம் பழுதாகும், பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்கும் முறை. சில்லர், கம்ப்ரஸர், இன்டர்லாக் பேனல் போன்றவற்றுக்கு அருமையானது. நம் காட்சியில் “ஸ்டார்ட்டர் தானாகத் திரும்பப் போடாது” என்பதை இதுதான் மிகத் தெளிவாகப் பிடிக்கும். ஆனால் அங்கே எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. வேதியியலும் வேலையின் வரிசையும் இந்த முறையின் கண்ணுக்குத் தெரியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப முடியாது.

## லோபா

பாதுகாப்பு அடுக்குகளை எண்ணிப் பார்க்கும் முறை. 2001-ல் அமெரிக்காவின் வேதிச் செயல்முறைப் பாதுகாப்பு மையம் இதற்கு வழிகாட்டி வெளியிட்டபின் பரவியது. ஹேசாப்பிலோ வாட்-இஃப்பிலோ கிடைத்த ஒரு மோசமான காட்சியை எடுத்துக்கொண்டு, அது ஆண்டுக்கு எத்தனை முறை தொடங்கும், ஒவ்வொரு அடுக்கும் எத்தனை முறைக்கு ஒரு முறை தவறும் என்று பெருக்குவது.

நம் ரியாக்டரில் மின்தடையால் அஜிடேட்டர் நிற்பது ஆண்டுக்கு ஒரு முறை என்று வைப்போம். அலாரம் அடித்து ஆபரேட்டர் செயல்படுவது பத்தில் ஒரு முறை தவறும். அஜிடேட்டர் நின்றால் டோசிங்கை மூடும் இன்டர்லாக்கும் பத்தில் ஒன்று. இதுவரை நூறு ஆண்டுக்கு ஒரு முறை. அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் ரப்ச்சர் டிஸ்க்குக்கு நூறில் ஒன்று கொடுத்தால் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை. உயிரிழப்பு வரக்கூடிய காட்சிக்கு லட்சம் ஆண்டுக்கு ஒன்று என்று இலக்கு வைத்திருந்தால், இன்னும் பத்து மடங்கு போதவில்லை.

எண்ணாகப் பார்க்கும்போது நன்றாக இருக்கிறது. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அலாரமும் இன்டர்லாக்கும் ஒரே சென்சரிலிருந்து, ஒரே பேனலிலிருந்து வந்தால் அவை இரண்டு அடுக்கல்ல, ஒன்று. தறிகெட்ட வினையில் நுரைத்து எழும் திரவமும் ஆவியும் சேர்ந்து வெளியேறும் அளவுக்கு ரப்ச்சர் டிஸ்க்கை வடிவமைக்கவில்லை என்றால் அதற்கு எந்த மதிப்பெண்ணும் கிடையாது. சோதித்துப் பார்க்காத அடுக்கையும் கணக்கில் எடுக்கக்கூடாது.

போபாலை நினைத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2 இரவு சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குக் குளிரூட்டும் அமைப்பு உண்டு, வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் உண்டு, எரித்துவிடும் ஃப்ளேர் உண்டு. வரைபடத்தில் எண்ணினால் அடுக்குகள் நிறையவே இருந்தன. குளிரூட்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள், ஃப்ளேருக்குப் போகும் குழாய் கழன்று கிடந்தது, அவ்வளவு வாயுவைத் தாங்க ஸ்க்ரப்பரால் முடியவில்லை. லோபா செய்யும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் “கடைசியாக எப்போது சோதித்தோம்?” என்று ஒரு தேதி எழுதச் சொல்வேன். தேதி இல்லாத வரியை அடித்துவிட வேண்டும்.

எல்லாக் காட்சிக்கும் லோபா வேண்டாம். உயிர் போகக்கூடிய, அல்லது வேலியைத் தாண்டக்கூடிய ஐந்தாறு காட்சிகளுக்கு மட்டும் போதும். இன்டர்லாக் வாங்கப் பணம் ஒதுக்கச் சொல்லி முதலாளியிடம் பேச வேண்டியிருக்கும்போது, இதைவிட நல்ல துணை இல்லை.

## ஒரே பார்வையில்

| | செக்லிஸ்ட் + வாட்-இஃப் | ஹேசாப் | எஃப்.எம்.ஈ.ஏ. | லோபா |
|---|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | என்ன தவறலாம்? | என்ன தவறலாம், எதையும் விடாமல் | எந்தக் கருவி எப்படிப் பழுதாகும்? | இருக்கும் பாதுகாப்பு போதுமா? |
| தேவையானது | அனுபவமுள்ள குழு, ஆபரேட்டர் | திருத்திய வரைபடம், செய்முறை, முழுக் குழு | கருவி விவரங்கள் | முன்பே கண்டறிந்த காட்சிகள் |
| நேரம் | ஓரிரு நாள் | பல நாள் முதல் வாரங்கள் | கருவியைப் பொறுத்து | ஒரு காட்சிக்குச் சில மணி நேரம் |
| மறைமுகச் செலவு | விட்டது எது என்று தெரியாது | பரிந்துரைகளை முடிக்கும் பணம் | வேதியியல் விடுபடும் | எண்கள் தரும் பொய்யான நம்பிக்கை |
| நம் காட்சியைப் பிடிக்குமா | ஆபரேட்டர் இருந்தால் | படிபடியாகச் செய்தால் | பாதி | கண்டறியாது, எடைபோடும் |

## யாருக்கு எது

கரைப்பான் வாங்கி, கலந்து, பேக் செய்யும் ஆலைக்கு ஒழுங்காகச் செய்த வாட்-இஃப்பும் தீத்தடுப்பு செக்லிஸ்டும் போதும். ஹேசாப்புக்குப் போடும் பணத்தை எர்த்திங்குக்கும் காற்றோட்டத்துக்கும் போடுங்கள்.

ஒன்றிரண்டு வெப்ப வினை உள்ள பேட்ச் ஆலைக்கு முதலில் கலோரிமீட்டர் சோதனை, பிறகு அந்த வினைகளுக்கு மட்டும் படிபடியான ஹேசாப், மீதிக்கு வாட்-இஃப். முழு ஆலைக்கும் அவசர அவசரமாகச் செய்வதைவிட, ஆபத்தான இரண்டு ரியாக்டருக்கு ஆழமாகச் செய்வது மேல்.

குளோரின், அமோனியா, ஃபாஸ்ஜீன் போன்றவை இருந்தால் ஹேசாப்பும் லோபாவும் இரண்டுமே வேண்டும். 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள் விதிகளும் இருப்பின் அளவைப் பொறுத்துக் கடமைகளைச் சொல்கின்றன. ஆனால் அந்த அளவுக்குக் கீழே இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு குளோரின் டன்னரில் (பெரிய சிலிண்டரில்) 900 கிலோ இருக்கிறது, பக்கத்துத் தெரு நெருக்கமாக இருந்தால் அது போதும்.

எந்த வழியில் போனாலும், ஆபத்தைக் கண்டுபிடித்ததும் உடனே அலாரம் மாட்ட ஓடாதீர்கள். முதலில் ஆபத்தையே சிறிதாக்க முடியுமா என்று பாருங்கள். நம் ரியாக்டரில், மூன்றில் ஒரு பங்கு மட்டும் பிடிக்கும் சிறிய டோசிங் டேங்க்கை வைத்து, ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் அஜிடேட்டர் ஓடுகிறதா, முந்தைய பங்கு வினைபுரிந்து முடிந்ததா என்று பார்த்தால், ஒரு பங்கு முழுக்கத் தேங்கினாலும் 90 டிகிரியைத் தாண்டாது. யாரும் கவனிக்காவிட்டாலும் டொலுவின் கொதிக்காது. அதற்கு மேல், மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வை டோசிங் குழாயில் போடலாம்; மின்சாரம் வந்தாலும் ஆபரேட்டர் ரீசெட் செய்தால்தான் திறக்க வேண்டும். இந்த இரண்டின் செலவும் ஒரு பேட்ச் வீணாவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

## செய்து முடித்த பிறகு

அறிக்கை வந்த மறுநாளிலிருந்து ஆலை மாறத் தொடங்கிவிடும். இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் ஆறு ரியாக்டர் வரிசையில் ஐந்தாவதில் விரிசல் விழுந்தது. அதை எடுத்துவிட்டு நான்கையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அதற்கான வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது மட்டுமே. 1974 ஜூன் 1 அன்று அது விட்டுப்போய் ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் தொட்டி சூடேறி வாயு ஊருக்குள் புகுந்ததற்குப் பின்னாலும், சில மாதங்களுக்கு முன் செய்த குழாய் மாற்றம் இருந்தது. அதனால் தொட்டிக்குள் திரவம் சரியாகக் கலக்கவில்லை. வெப்பமானியோ அடிப்பகுதியில் மட்டும் இருந்தது, மேலே ஏறிய சூடு யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கத் தாள் வையுங்கள். குழாய், வால்வு, கரைப்பான், பேட்ச் அளவு, எது மாறினாலும் நிரப்ப வேண்டும். பத்து வாட்-இஃப் கேள்விகள் போதும். அதில் மூன்றாவது “மின்சாரம் போய் வந்தால்?” என்று இருக்கட்டும். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விடுங்கள்: ஒன்று பொறியாளருக்கு, மற்றது அந்த ரியாக்டரை இரவில் ஓட்டப்போகும் ஆபரேட்டருக்கு.